வெள்ளை பெயின்ட்டை மீறிச் சிவப்புக் கறை: பழைய டிராயர் அலமாரியில் ஷேபி சிக் வேலை

கோத்தகிரி_மாடிவீடு

வணக்கம். எஸ்டேட் பங்களா சாமான் ஏலத்தில் எடுத்த ஐந்து டிராயர் அலமாரி. 3 அடி அகலம், 3 அடி உயரம், ஒன்றரை அடி ஆழம். கருஞ்சிவப்பு நிறம், மேலே பளபளவென்று பழைய பாலிஷ், பித்தளைப் பிடிகள். ஓரமெல்லாம் தேய்ந்த வெள்ளை, அதாவது ஷேபி சிக் தோற்றம் வேண்டும்.

இதுவரை செய்தது: 120 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தேன். வெள்ளை எமல்ஷனும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் சரிபாதி கலந்து, தண்ணீர் விட்டு, இரண்டு கோட் அடித்தேன். இப்படித் தூள் கலந்த சாக் பெயின்ட்டுக்குப் பிரைமர் (அடிப்பூச்சு) தேவையில்லை என்று வீடியோவில் சொன்னதால் போடவில்லை.

இப்போது:
1. அடித்தபோது வெள்ளையாக இருந்தது. காய்ந்த பிறகு முகப்பிலும் பக்கங்களிலும் இளஞ்சிவப்பாகவும் பழுப்பாகவும் திட்டுத் திட்டாக வருகிறது. மூன்றாவது கோட்டுக்குப் பிறகும் அதே கதைதான்.
2. மேல்பலகையில் நகத்தால் சுரண்டினால் உரிகிறது. மற்ற இடங்களில் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது.
3. கீழ் இரண்டு டிராயர்கள் இறுகி, பாதியில் நிற்கின்றன.
4. பின்காலில் குண்டூசித் தலை அளவு துளைகள். கீழே மாவு போலத் தூள்.

இங்கே மழையும் மூடுபனியுமாக இருக்கிறது. எல்லாவற்றையும் உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

குன்னூர்_பாலிஷ்

முழுவதும் உரிக்க வேண்டாம். ஆனால் நான்காவது கோட்டும் வேண்டாம்.

கறை இரண்டு இடத்திலிருந்து வரும். ஒன்று, மரத்திலேயே இருக்கும் துவர்ப்புச் சத்து. இன்னொன்று, பாலிஷில் கலந்த சாயப்பொடி. மரம் ஈட்டி மரம் (ரோஸ்வுட்) மாதிரித் தெரிய வேண்டுமென்று ஸ்பிரிட் பாலிஷில் சிவப்புச் சாயம் கலப்பது இங்கே பழைய வழக்கம். எமல்ஷனில் உள்ள தண்ணீர் இவற்றைக் கரைக்கிறது. காயும்போது தண்ணீர் மேலே வர, சாயமும் கூடவே வருகிறது. ஈரத்தில் வெள்ளை, காய்ந்ததும் சிவப்பு என்பது இதனால்தான். ஒவ்வொரு புதுக் கோட்டும் சாயத்துக்குக் கொடுக்கும் இன்னொரு தண்ணீர். 1990-ல் ஆனி ஸ்லோன் கொண்டுவந்த அசல் சாக் பெயின்ட்டுக்கும் இது பொருந்தும். பிரைமர் வேண்டாம் என்று விற்கும் அவர்களே, கறை விடும் மரத்துக்கு முதலில் ஷெல்லாக் பூசச் சொல்கிறார்கள். வீடியோக்களில் விட்டுப்போவது அந்த ஒரு வரிதான்.

ஷெல்லாக் என்பது நம் அவலரக்குதான். அது ஸ்பிரிட்டில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் தண்ணீர் பெயின்ட்டுக்கும் சாயத்துக்கும் நடுவில் சுவராக நிற்கும்.

உங்கள் அலமாரியின் வெளிப்பரப்பு ஏறக்குறைய 22 சதுர அடி. 300 மி.லி. பாலிஷ் ஸ்பிரிட்டுக்கு 45 கிராம் அவலரக்கு போதும். கண்ணாடி பாட்டிலில் போட்டு, இடையிடையே குலுக்கி, ஒரு இரவு ஊறவிடுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது, கருத்துவிடும். காலையில் அடியில் மங்கலாக ஒரு படிவு தங்கியிருக்கும். அது அரக்கில் இயல்பாக உள்ள மெழுகு. அதன் மேல் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. ஆகவே மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் ஒரு கோட், ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. கணு இருக்கும் இடத்தில் மூன்றாவதும் போடலாம். போன இடத்துக்கே பிரஷ்ஷைத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள், கீழே உள்ளதும் கரைந்து வந்துவிடும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் அடுப்போ ஹீட்டரோ இருக்கக் கூடாது. கரைத்த அரக்கை ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், பிறகு காயாமல் பிசுபிசுக்கும்.

பெயின்ட் உறுதியாக நிற்கும் இடங்களில் 180 நம்பர் தாளால் ஒரு முறை தேய்த்து, கறையின் மேலேயே அரக்கைப் பூசிவிடலாம். எது உறுதி என்று தெரிந்துகொள்ள, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக ஆறு கோடு கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் கட்டம் கட்டமாகப் பெயின்ட் வந்தால் அந்தப் பலகையை அடிவரை சுரண்டத்தான் வேண்டும். மேல்பலகை நிச்சயம் அப்படித்தான் வரும். பல வருடம் ஃபர்னிச்சர் பாலிஷும் எண்ணெயும் துடைத்த இடம் அது. உப்புத்தாள் அந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காது, பரப்பத்தான் செய்யும். தேய்ப்பதற்கு முன்பே டர்பென்டைன் நனைத்த துணியால் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கத்தால், துடைத்திருக்க வேண்டும்.

விரலில் தூள் வருவது கலவைக் கோளாறு. தூளைப் பிடித்துவைக்கும் பசை எமல்ஷனில்தான் இருக்கிறது. சரிபாதி தூள் போட்டால் அந்தப் பசை போதாது. அளவு: எமல்ஷன் 3 பங்கு, தூள் 1 பங்கு. தூளை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு பெயின்ட்டில் ஊற்ற வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை விட பெயின்ட் கடை சாக் பவுடர் நல்லது. பிளாஸ்டர் தண்ணீர் பட்டதும் இறுக ஆரம்பிக்கும்; முதல் டிராயருக்கும் ஐந்தாவது டிராயருக்கும் நடுவில் கலவையே மாறிவிடும். சாக் பவுடர் இறுகாது, மூடிவைத்து மறுநாளும் அடிக்கலாம். உங்கள் அலமாரிக்கு 300 மி.லி. எமல்ஷன், 100 மி.லி. தூள், 70 மி.லி. தண்ணீர் இரண்டு கோட்டுக்குக் காணும்.

கூடலூர்_தோதகத்தி

அரக்கு பூசும் முன் ஒரு நிமிடம். கருஞ்சிவப்பு, எஸ்டேட் பங்களா, பித்தளைப் பிடி என்கிறீர்கள். அது ஈட்டி மரமா என்று யாருமே கேட்கவில்லையே. ஈட்டியாக இருந்தால் தயவுசெய்து வெள்ளையடிக்காதீர்கள். ஈட்டியைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் வந்தது. அவ்வளவு அருகிப்போன மரம். அதன் பரந்த துளைகளுக்குள் இறங்கிய வெள்ளை பெயின்ட்டைப் பிறகு ஊசி வைத்துக் குத்தினாலும் முழுசாக எடுக்க முடியாது.

பார்க்கும் விதம்: ஒரு டிராயரை வெளியே எடுங்கள். முகப்புப் பலகையின் உட்புற ஓரத்தில், பாலிஷ் படாத இடத்தில், உளியால் ஒரு சீவல். ஈட்டி என்றால் ஊதா கலந்த பழுப்பில் கருங்கோடுகள் ஓடும், சீவல் இனிய வாசம் தரும், பலகை கையில் கனக்கும். தேக்கு என்றால் பொன்பழுப்பு, தொட்டால் லேசான எண்ணெய்ப் பசை, தோல் வாடை. சந்தன வேம்பு என்றால் செங்கல் சிவப்பு, இலேசான மரம், தூக்கலான வாசம். சில்வர் ஓக் என்றால் இளஞ்சிவப்பில் பாம்புத்தோல் போலப் புள்ளி புள்ளியாக மினுங்கும். முகப்பு ஒரு நிறம், ஓரத்தில் வேறு நிறம் என்றால் மேலே ஒட்டியிருப்பது வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு.

ஷேபி சிக்குக்குத் தகுந்தது சாதாரண மரம்தான். ரேச்சல் ஆஷ்வெல் 1989-ல் சான்டா மோனிகாவில் அந்தப் பெயரில் கடை திறந்தபோது எடுத்துக்கொண்டது பழைய சந்தைகளில் கிடைத்த, ஏற்கெனவே பெயின்ட் உரிந்த சாமான்களை. நல்ல மரத்தை மூடுவதற்கு வந்த பாணி இல்லை அது.

கோத்தகிரி_மாடிவீடு

சீவிப் பார்த்தேன் அண்ணா. உள்ளே செங்கல் சிவப்பு, கருங்கோடு எதுவும் இல்லை. டிராயரை ஒரு கையால் தூக்க முடிகிறது. சீவியதுமே வாசம் தூக்கலாக வந்தது. முகப்பும் ஓரமும் ஒரே மரம். டிராயரின் அடிப்பலகை மட்டும் பிளைவுட்.

கூடலூர்_தோதகத்தி

அப்படியானால் சந்தன வேம்பு. தாராளமாக வெள்ளையடிக்கலாம். மரத்திலேயே சிவப்பு இருப்பதால் குன்னூர்க்காரர் சொன்ன அரக்கைத் தவிர்க்க முடியாது. வெனீர் இல்லாததும் நல்லதுதான். பழைய வெனீர் விலங்குத் தோலில் காய்ச்சும் வச்சிரப் பசையில் ஒட்டியது. அதை ஈரத்துணியால் துடைத்தாலே ஓரம் தூக்கிக்கொள்ளும்.

கொடை_தச்சு

டிராயர், பூச்சி, பருவம் மூன்றுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கொடைக்கானலுக்கும் உங்களுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் கிடையாது.

டிராயரை இப்போது இழைப்புளியால் சீவாதீர்கள். இதுதான் மலையில் அதிகம் நடக்கும் தவறு. ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் மரம் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் வீங்கும், 20 செ.மீ. உயரப் பலகை 2 மி.மீ.க்கு மேல்கூட ஏறும். இன்று சீவினால் பிப்ரவரி வெயிலில் டிராயர் லொடலொடவென்று ஆடும். ஈரத்துணித் துடைப்பும் மூன்று கோட் தண்ணீர் பெயின்ட்டும் சேர்ந்து வீக்கத்தைக் கூட்டியிருக்கும். டிராயர்களை வெளியே எடுத்து, நிழலில், காற்றோட்டமான அறையில் பத்து நாள் குறுக்காக அடுக்கிவையுங்கள். கணப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், வெடிக்கும்.

அதன் பிறகும் இறுகினால், பக்கப் பலகையில் பென்சிலால் கிறுக்கி, உள்ளே தள்ளி இழுங்கள். எங்கே பென்சில் அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. அந்த இடத்தை மட்டும் 120 தாளால் தேய்த்து, வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தித் தடவுங்கள். சோப்பு தடவச் சொல்வார்கள், தடவாதீர்கள், அது ஈரத்தை இழுக்கும். டிராயரின் பக்கங்கள், அடி, அலமாரிக்குள் ஓடும் சட்டம் எதிலும் பெயின்ட் படவே கூடாது. இரண்டு பக்கமும் இரண்டு கோட் என்றால் விட்டிருந்த இடைவெளியே அடைந்துவிடும். முகப்புப் பலகையின் ஓரத்தில் 5 மி.மீ. வரை திரும்பினால் போதும். குறுக்கு வெட்டுமுனைகளில், அதாவது நார் முடியும் இடங்களில், அரக்கு இரண்டு கை பூசிவிட்டால் அடுத்த மழைக்கு ஈரம் ஏறுவது குறையும்.

துளையும் மாவும் உளுக்கும் வண்டின் வேலை. பெயின்ட்டுக்கு முன்னால் முடிக்க வேண்டியது இது, பிறகு செய்தால் மருந்து எண்ணெய் பெயின்ட்டின் மேலே ஊறி வரும். காலைத் தட்டித் தூளை உதிர்த்துவிட்டு, அடியில் கறுப்புக் காகிதம் விரித்து இரண்டு வாரம் பாருங்கள். புதுத்தூள் விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் மர வண்டுக்கான எண்ணெய் மருந்து கிடைக்கும். கையுறை போட்டு, ஊசி சிரிஞ்சால் துளைதுளையாக, வேறு துளையில் கசியும் வரை ஏற்றுங்கள். எதிர்த்துளையிலிருந்து கண்ணுக்குத் தெறிக்கும், கண்ணாடி கட்டாயம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. மேற்பரப்பு நன்றாக உலர்ந்த பிறகு மக்கு வைத்து அடைத்து, அதன் மேல் அரக்கு. ஷேபி சிக் என்பதால் சில துளைகளை அப்படியே விடலாம், பழமை தெரியும்.

பருவம்தான் முக்கியம். எமல்ஷன் 10 டிகிரிக்குக் கீழே ஒழுங்கான படலமாகக் கூடாது. பார்க்கக் காய்ந்தது போல இருக்கும், தேய்த்தால் உதிரும். அரக்குக்குக் குளிர் பிரச்சினை இல்லை, ஈரக்காற்றுதான் எதிரி. ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, வெண்மூட்டமாக நிற்கும். அப்படி வந்தால் பயப்பட வேண்டாம், வெயிலான நாளில் வெறும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுப்பொதியால் ஒரு தடவை தடவினால் தெளியும். சில நூறு ரூபாயில் ஒரு ஈரப்பதமானி வாங்கி அறையில் மாட்டுங்கள். 75 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்று பிரஷ்ஷைத் தொடாதீர்கள். வேலை நேரம் காலை 10 முதல் பிற்பகல் 2 வரை. அதற்கு மேல் அடித்தால் இருட்டும் முன் காயாது, இரவுப் பனி ஏறிவிடும். பொங்கல் கழிந்து மார்ச் வரை மலையில் இந்த வேலைக்கு நல்ல காலம். இப்போது பூச்சி வேலையையும் சுரண்டலையும் முடித்துவைத்துக்கொண்டு, பெயின்ட்டுக்கு அதுவரை பொறுப்பதுதான் சரி.

கோத்தகிரி_மாடிவீடு

பொறுக்கிறேன். இரண்டு சந்தேகம். ஓரத்தை எப்படித் தேய்த்தால் செயற்கையாகத் தெரியாது? மேலே மெழுகா, வார்னிஷா? கூடவே வந்த நிலைக்கண்ணாடிச் சட்டத்தில் பழைய பச்சை எனாமல், அடியில் க்ரீம் நிறம் இருக்கிறது. அதைத் தேய்த்து இரண்டு நிறமும் தெரிகிற மாதிரி விடலாமா?

ஊட்டி_மெழுகுத்துணி

தேய்மானம் எங்கே இயற்கையாக வரும் என்று யோசித்தால் போதும். பிடியைச் சுற்றி, டிராயர் முகப்பின் மேல் ஓரம், மேல்பலகையின் முன் ஓரம், இரண்டு முன்மூலை, துடைப்பம் இடிக்கும் கால் நுனி. பலகையின் நடுவில் திட்டுத் திட்டாகத் தேய்ப்பதும், எல்லா ஓரத்தையும் ஒரே அகலத்தில் தேய்ப்பதும்தான் செயற்கை. வலது பக்கம் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும், பெரும்பாலோர் வலது கையால்தான் இழுப்பார்கள்.

வரிசை: அரக்கு காய்ந்த பிறகு, சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு கோட். ஓர் இரவு விட்டு, மேலே சொன்ன இடங்களில் மட்டும் வெள்ளை மெழுகுவத்தியைத் தேய்த்து, உதிரியைத் தட்டிவிடுங்கள். நிற மெழுகுவத்தி வேண்டாம், அதன் சாயம் ஊறும். பிறகு வெள்ளை இரண்டு கோட். சுத்த வெள்ளை மலை வெளிச்சத்தில் நீலம் பாரித்துத் தெரியும்; 300 மி.லி. எமல்ஷனில் மஞ்சள் காவி ஸ்டெய்னர் (நிறத் திரவம்) 10 சொட்டு விட்டால் பழைய தந்த நிறம் வரும். ஒரு முழு நாள் கழித்து, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் ஓரங்களைத் தேய்த்தால் மெழுகு பட்ட இடம் மட்டும் தானே உரிந்து நீலம் தெரியும். மரமே தெரிய வேண்டிய ஓரிரு மூலையில் மட்டும் 220 தாள். இரும்பு நாரைத் தொடாதீர்கள். அதன் துணுக்கு பெயின்ட்டில் சிக்கினால், ஈரத்தில் துருப்பிடித்துக் கரும்புள்ளியாகும்.

மேலே தேன்மெழுகு. அது கோத்தகிரியிலேயே கிடைக்கும். குறும்பர்கள் பாறைகளில் எடுக்கும் மலைத்தேனின் மெழுகு. கீஸ்டோன் ஃபவுண்டேஷன் 1990-களிலிருந்து தேன் எடுப்பவர்களோடு அங்கே வேலை செய்கிறது. 100 கிராம் மெழுகைத் துருவி, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்குங்கள். மெழுகு 62 டிகிரிக்கு மேல் உருகும், நேரடித் தீ வேண்டாம். உருகியதும் அடுப்பை அணைத்து, வெளியே கொண்டுபோய், 350 மி.லி. டர்பென்டைன் ஊற்றிக் கிளறுங்கள். ஆறினால் வெண்ணெய்ப் பதம். பழைய பனியன் துணியில் கொஞ்சமாக எடுத்துத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்துச் சுத்தமான துணியால் மெருகேற்றுங்கள். முழு அலமாரிக்கும் 50 கிராம் போதும். பழுப்பு நிறம் கலந்த மெழுகு வேண்டுமென்றால், நிறமில்லாத மெழுகுக்கு மேல்தான். வெறும் சாக் பெயின்ட்டில் நேராகப் போட்டால் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு எடுக்க வழியில்லை.

குன்னூர்_பாலிஷ்

பக்கங்களுக்கும் முகப்புக்கும் மெழுகு சரி. மேல்பலகைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். சூடான காபி டம்ளர் வைத்தால் வட்டம் விழும். நம் மழைக்காலத்தில் மெழுகின் மேல் தூசி படிந்து பூஞ்சணம் வரும். மேல்பலகைக்குத் தண்ணீர் அடிப்படையிலான மேட் பி.யு. (பளபளப்பில்லாத பாலியூரித்தேன் வார்னிஷ்) மூன்று மெல்லிய கோட். எண்ணெய் வார்னிஷ் வேண்டாம், வெள்ளை ஒரு வருடத்தில் மஞ்சளாகும். முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், மெழுகு பட்ட இடத்தில் பி.யு. ஒட்டாது.

இன்னொன்று, இதைத் தவறவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். 220 தாளால் மரம்வரை தேய்த்த மூலைகளில் அரக்கும் போயிருக்கும். அங்கே தண்ணீர் பி.யு. பட்டால் சிவப்பு மறுபடி கரைந்து பக்கத்து வெள்ளையில் பரவும். அந்த மூலைகளை மட்டும் பஞ்சில் தொட்ட அரக்கால் இரண்டு தடவை ஒற்றி, ஒரு மணி நேரம் கழித்து பி.யு. போடுங்கள். மெழுகு போடும் இடங்களில் இந்தத் தொல்லை இல்லை.

அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளிவையுங்கள். பின்பலகையில் காற்று ஓட வேண்டும்.

ஊட்டி_மெழுகுத்துணி

மேல்பலகை விஷயத்தில் அவர் சொல்வது சரி. வீட்டில் தினமும் புழங்கும் சாமானுக்கு பி.யு. தான்.

கொடை_தச்சு

கண்ணாடிச் சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய பச்சை, க்ரீம், மஞ்சள் எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை ஈயம் உள்ளதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஹீட் கன் வைத்து உரிப்பதும் கூடாது, ஈய ஆவி வரும்.

இரண்டு நிறம் தெரிய வேண்டுமென்றால்: கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வீட்டுக்கு வெளியே, கீழே பிளாஸ்டிக் விரித்து, 320 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேயுங்கள். முகத்தில் என்95 மாஸ்க். வரும் சேற்றைத் துணியால் ஒற்றியெடுத்து, துணியோடு கவரில் கட்டிவிடுங்கள். தேயிலைச் செடிப் பக்கமோ காய்கறிப் பாத்தியிலோ கொட்டாதீர்கள். வேலை முடிந்து உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். பிறகு அரக்கு ஒரு கோட், அதன் மேல் மேட் பி.யு. இரண்டு கோட் போட்டு அடைத்துவிட்டால் தொட்டால் தூள் வராது. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் தேய்க்கவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, அப்படியே அரக்கு பூசி, மேலே வெள்ளை அடித்து, ஓரம் தேய்க்காமல் விட்டுவிடுங்கள்.

கோத்தகிரி_மாடிவீடு

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. சட்டத்தைத் தேய்க்கவில்லை, துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன். காலுக்கு அடியில் கறுப்புக் காகிதம் விரித்தாகிவிட்டது. டிராயர்கள் வெளியே இருக்கின்றன. ஒரே ஒரு கேள்வி: பித்தளைப் பிடிகளைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடலூர்_தோதகத்தி

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும், ஆனால் தேய்ந்த வெள்ளைக்குப் பக்கத்தில் புதுப் பித்தளை ஒட்டாது. வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் அழுக்கை மட்டும் எடுத்து, உடனே துடைத்து உலர்த்துங்கள். கறுத்த நிறம் அப்படியே இருக்கட்டும். பழைய இரும்புத் திருகாணிகளுக்குப் பதில் அதே அளவில் பித்தளைத் திருகாணி மாட்டுங்கள். சந்தன வேம்பின் துவர்ப்பும் மலை ஈரமும் இரும்பைத் தொட்டால், திருகாணியைச் சுற்றிக் கருநீலக் கறை வெள்ளை பெயின்ட்டின் மேல் வழியும். மாட்டும் முன் ஒவ்வொரு திருகாணியின் மரையிலும் அந்த மெழுகுவத்தியை ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள். பித்தளை மிருதுவானது, மெழுகு இல்லாமல் முடுக்கினால் தலை முறிந்து உள்ளேயே நின்றுவிடும்.